வெளி டேப்பும் உள் பட்டையும்

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிறவர்கள் எங்கேயும் உண்டு. ஆனால் இவளைப் போல இன்னொருத்தி இருப்பாளா என்பது சந்தேகம்தான். "நாளைக்கு மழை..." என்று நீங்கள் ஆரம்பித்தால் போதும், "தெரியும், தெரியும்" என்பாள். மழை வரும் என்று சொல்ல வந்தீர்களா, வராது என்று சொல்ல வந்தீர்களா, அதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்த மகராசன் யாரோ, சரியாகத்தான் வைத்தார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில். அறுவை சிகிச்சை முடிந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் முதலில் அங்கேதான் இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்கு அறை. ஊறவைப்பது, தேய்ப்பது, கழுவுவது அங்கே. இந்தப் பக்கம் சுத்த அறை. கழுவி வந்த கருவிகளைத் தட்டில் அடுக்கி, நீலத் தாளில் மடித்து, மேலே டேப் ஒட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆட்டோகிளேவ் மெஷினுக்குள் ஏற்றுவது அவள் பாடு. உள்ளே நீராவி ஏறிக் கிருமியெல்லாம் செத்த பிறகு பொட்டலங்கள் வெளியே வந்து, சாமான் லிஃப்டில் ஏறி, மேல்மாடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். அவள் மடிக்கிற வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும்.

அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு நிதானம் என்று பெயர். அவளைவிட மூத்தவர், வழுக்கைத் தலை, எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். அவர் ஒன்று மடிப்பதற்குள் இவள் மூன்று மடித்துவிட்டு, "என்னண்ணே, அதுக்குத் தாலாட்டுப் பாடறீங்களா?" என்று கேட்பாள். அவர் சிரிப்பார். அவருக்குக் கோபம் வருவதற்கும் நேரம் ஆகும்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். மெஷினுக்குள் போய் வந்தால் அந்தக் கோடுகள் கருத்துவிடும். அதற்கு என்ன அர்த்தம்? இந்தப் பொட்டலம் உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான். நடுவில் கிடக்கும் கத்தரிவரை நீராவி எட்டியதா என்று டேப்புக்குத் தெரியாது. அதற்காகவே ஒவ்வொரு பொட்டலத்துக்கு உள்ளேயும் ஒரு சிறு அட்டைப் பட்டை வைப்பார்கள். நீராவி அதுவரை வந்திருந்தால்தான் அது கருக்கும். மெஷினுக்குள் ஒரே தடவையில் ஏற்றுகிற பொட்டலங்களுக்கு லோடு என்று பெயர்; ஒவ்வொரு லோடின் நடுவிலும் சோதனைக்கென்று ஒரு பொட்டலம் போகும். அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பட்டை கருத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே லோடை மேலே அனுப்ப வேண்டும்.

அந்த வருஷம் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. மெஷின் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஆன்லைனில் ஒரு படிப்பு படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டிலும் தவறினால் வேலை போகாது. ஆனால் படுக்கை விரிப்பு மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் அதேதான். இருந்தாலும் மின்னலுக்கு அந்த மாற்றம் வேண்டவே வேண்டாம். மேலே யாரோ பெற்ற பிள்ளை மயக்க மருந்தில் படுத்திருக்கிறது, அதற்கு ஒரு கிருமி அண்டாமல் காப்பது தன் கை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. அந்த மெஷின் கதவு மூடும்போது வருகிற 'டக்' சத்தம் இல்லாமல் அவளால் ஒரு நாளைக் கழிக்க முடியாது.

"பூ, இவ்வளவுதானா?" என்றாள் வெளியே. "பத்து வருஷத்துக்கு மேல செய்யற வேலை. எனக்குத் தெரியாததையா கேட்டுடப் போறாங்க?"

நிதானம் அண்ணன்தான் முகம் வெளுத்து நின்றார். "பரீட்சையெல்லாம் நமக்கு வராதும்மா. பள்ளிக்கூடத்துல பேப்பரைப் பாத்தாலே எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துடும்."

"நான் இருக்கேன்ல, சும்மா இருங்கண்ணே."

பள்ளிக்கூடம் போகும் மகள் அந்தப் படிப்புக்கான செயலியை அம்மாவின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாள். திறந்ததும் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. முதல் பாடத்தின் தலைப்பு, 'படிப்பது எப்படி என்று படிப்போம்'. அதற்கு மதிப்பெண் கிடையாது என்று கீழே எழுதியிருந்தது. மின்னல் மூக்கைச் சுளித்தாள். "இது யாருடி இவ, எனக்குப் படிக்கச் சொல்லித் தர்றதுக்கு?" என்று அதைத் தள்ளிவிட்டு இரண்டாம் பாடத்துக்குத் தாவினாள்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க நீங்கள் அந்த வீட்டுச் சமையலறையில் இருந்திருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே ஜன்னல் விளிம்பில் கைப்பேசி சாய்ந்து நிற்கும். பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு இவள் காய் நறுக்குவாள். குரல்காரி பாவம், மூச்சு விடாமல் கத்துவாள். வீடியோ முடிந்ததும் பாடத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழும். பச்சை டிக் விழ விழ இவளுக்கு உற்சாகம். பாத்திரம் கழுவும்போது நான்கு டிக், துணி உலர்த்தும்போது மூன்று டிக் என்று பத்து நாளில் அந்த முதல் பாடம் தவிர மற்றதெல்லாம் பச்சைப்பசேல் என்று ஆனது.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாய்க்குப் பூட்டு கிடையாது. "வீட்ல ஒரு டாக்டரம்மா உருவாகறாங்க. இனிமே தலைவலின்னா வெளிய போக வேண்டாம்" என்றார்.

"கிண்டலா? பயிற்சித் தேர்வுல எவ்வளவு வாங்கியிருக்கேன்னு பாருங்க."

பார்த்தார். முழு மதிப்பெண். அவரே வாயைப் பிளந்தார். முதல் தடவை பாதிதான் வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. அதே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினாள். செயலியில் பயிற்சிக் கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும், விடைகளும் அதே இடத்தில்தான் இருக்கும். கொஞ்ச நாளில் கேள்வியைப் படிக்காமலே கட்டைவிரல் போய் மூன்றாவது விடையைத் தொட்டது. அடுத்ததற்கு முதலாவதை, அதற்கடுத்ததற்குக் கடைசியை. விரல் கற்றுக்கொண்டது. தலையில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் திரை 'அபாரம்!' என்று சொல்லிக் காகிதப் பூக்களைத் தூவும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள், சொல்லுங்கள்.

பரீட்சை நாள் காலையில் அவளுக்கு வேலை இருந்தது. பதினொரு மணிக்குப் பரீட்சை, அதற்குள் ஒரு லோடை முடித்துவிட வேண்டும் என்று பறந்தாள். இரண்டு லோடாக ஏற்ற வேண்டிய பொட்டலங்களை ஒரே லோடாகத் திணித்தாள். நிதானம் அண்ணன், "நெருக்கமா இருக்கேம்மா, கை நுழையற இடைவெளி விடணும்ல?" என்றார். "தெரியும்ணே, தெரியும்" என்று கதவை அடித்துச் சாத்தினாள். லோடு வெளியே வந்ததும் டேப்பைப் பார்த்தாள். கோடுகள் நன்றாகக் கருத்திருந்தன. சோதனைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிரிக்காமலே கீழே வைத்துவிட்டு லோடை லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

பரீட்சை, பயிற்சிக் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால். நிதானம் அண்ணன் வாசல்வரை வந்தார். உள்ளே வரிசையாக மினுக்கும் திரைகளைப் பார்த்தார். "இந்தா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவர்தான், வரவே இல்லை. அவருக்கு ஒரு வாய்ப்பு அப்படியே போனது.

மின்னல் உட்கார்ந்தாள். முதல் கேள்வி வந்தது. விரல் மூன்றாவது விடைக்குப் போனது. போன இடத்தில் வேறு ஏதோ இருந்தது. இங்கே கேள்விகளையும் கலைத்திருந்தார்கள், விடைகளையும் கலைத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு கணம் பக்கென்றது. ஆனால் நம் ஆள் அசருவாளா? கேள்வியில் தெரிந்த வார்த்தை ஒன்று கண்ணில் பட்டதும், "ஆ, இது எனக்குத் தெரியும்" என்று தட்டிக்கொண்டே போனாள். கூடத்தில் முதல் ஆளாக எழுந்தாள். வெளியே நின்றவர்களிடம், "ஊதித் தள்ளிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை. ஒன்றிரண்டில் தவறியிருந்தால்கூட மனசு ஆறும். பாதிக்குக்கூட வரவில்லை.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதையாக, "கேள்வியே தப்பு. வேணும்னே குழப்பிக் கேட்டிருக்காங்க" என்று வீட்டில் குதித்தாள். கைப்பேசியைக் கட்டிலில் வீசினாள். கணவர் சமாதானம் சொல்கிறேன் என்று, "விடும்மா, துணி மடிக்கற வேலையில என்ன குறைச்சல்? உக்காந்துக்கிட்டே செய்யலாம்" என்றார். அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

மகள் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, இதுல ஒரு பாடத்துக்கு மட்டும் டிக் விழலையே. முதல் பாடம். அதைப் பாக்கவே இல்லையா?"

"நீ போய் உன் புத்தகத்தைப் பாரு."

மறுநாள் காலையில் கீழ்த்தளத்து இன்டர்காம் அடித்தது. மேலிருந்து தியேட்டர் சிஸ்டர். எப்போதும் மின்னலிடம் சிரித்துப் பேசுகிறவர், அன்று குரலில் சிரிப்பில்லை. "நேத்து அனுப்பின லோடுல ஒரு தட்டைப் பிரிச்சேன். உள்ளே பட்டை வெள்ளையா இருக்கு. பேஷண்ட் டேபிள்ல இருக்காங்க. இதை எப்படி மேலே அனுப்பினே?"

மின்னல் திக்கினாள். "டேப்... டேப் கருப்பாத்தான் சிஸ்டர் இருந்துச்சு."

"டேப்பை வச்சு நான் என்ன செய்யறது? நல்ல வேளை, பிரிச்சதும் பாத்தேன். வேற தட்டு வச்சு சமாளிச்சோம். மொத்த லோடையும் திருப்பி அனுப்பறேன். இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இத்தனை வருஷமா நீ 'சரியா இருக்கு'ன்னு சொன்னா நான் அடுத்த வார்த்தை கேட்டதில்லை. இனிமே கேப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தை பரீட்சையைவிட ஆழமாக இறங்கியது. சாமான் லிஃப்ட் 'டிங்' என்று நின்றது. திறந்தாள். அவள் கட்டிய பொட்டலங்கள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. மேலே பிரித்துப் பார்த்த தட்டும் இருந்தது, அதன் மீது அந்தப் பட்டை, பால் போல வெளுத்து. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். மின்னல் அழுது யாரும் பார்த்ததில்லை. நிதானம் அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பி வந்த லோடை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

ஓரத்துப் பொட்டலங்களில் பட்டை கருத்திருந்தது. நடுவில் நெருக்கிக் கிடந்தவற்றில்தான் வெளுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே டேப் மட்டும் ஒரே மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தது.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அண்ணே" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என் பச்சை டிக்கெல்லாம் இந்த டேப்புதாண்ணே."

"என்னம்மா சொல்றே?"

"வீடியோ ஓடி முடிஞ்சா டிக் விழும். என் காது வழியா போய் வந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். உள்ளே எட்டுச்சான்னு நான் பிரிச்சே பாக்கலை. நான்பாட்டுக்கு லோடை ஏத்திவிட்டுட்டேன்."

நிதானம் அண்ணன் தலையைச் சொறிந்தார். அவருக்கு முழுதும் புரிந்ததா தெரியாது. ஆனால் அவள் தன் வாயால் தன்னைக் குறை சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் புடவைகூட மாற்றாமல் முதல் பாடத்தைத் திறந்தாள். சாதாரண வேகத்தில் ஓடவிட்டாள். குரல்காரி ஆற அமரப் பேசினாள். நாம் சிந்திப்பதை நாமே கொஞ்சம் தள்ளி நின்று கவனிப்பதற்கு ஒரு பெயர் உண்டாம், மெட்டாகாக்னிஷன் என்று. எனக்கு எது தெரியும், எது தெரிந்த மாதிரி இருக்கிறது, எது தெரியவே தெரியாது என்று பிரித்துப் பார்க்கிற வேலையாம். ஒரு பாடத்தைப் பலமுறை கேட்டால் அது பழகிப்போகும். பழகியது வேறு, தெரிந்தது வேறு என்றாள் குரல்காரி.

"மெட்டா... என்னது?" என்று கணவர் எட்டிப் பார்த்தார். "வண்டிக்குப் போடற ஆயில் பேரு மாதிரி இருக்கு."

"உங்க வாய்க்குத்தான் ஆயில் போடறதில்ல, தானா ஓடுது. கொஞ்சம் சும்மா இருங்க."

பாடத்தின் முடிவில் குரல்காரி இன்னொரு கருவியைக் காட்டினாள். செயலியின் மூலையில் அது முதலிலிருந்தே இருந்தது, இவள்தான் தொடவில்லை. அதில் கேள்விகள் ஒவ்வொரு முறையும் கலைந்து வரும். விடை சொல்வதற்கு முன்னால் ஒரு கோடு வரும், கோட்டின் மேல் ஒரு பொட்டு. இடது ஓரத்தில் 'தெரியாது', வலது ஓரத்தில் 'நிச்சயமாகத் தெரியும்'. தனக்கு எவ்வளவு நிச்சயமோ அந்த இடத்துக்குப் பொட்டை நகர்த்திவிட்டுத்தான் விடையைத் தொட முடியும்.

மின்னல் பொட்டை எடுத்ததும் வலது ஓரத்தில் வைத்தாள். விடையைத் தொட்டாள். தவறு. மறுபடி வலது ஓரம், மறுபடி தவறு. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரைபடமும் அதில் இரண்டு கோடுகளும் தோன்றின. அவள் தெரியும் என்று நினைத்தது மலை மாதிரி மேலே நின்றது. உண்மையில் தெரிந்தது கீழே தவழ்ந்து போனது. "அடப் பாவி!" என்றாள் கைப்பேசியைப் பார்த்து. "உன் வேலையா இது? ஆளோட மானத்தை இப்படியா வாங்குவே?" மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மூக்கு உடைபடுவது யாருக்குத்தான் பிடிக்கும்? இரண்டு நாள் அந்தக் கோட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அந்த வெள்ளைப் பட்டை நினைவுக்கு வந்தது. தியேட்டர் சிஸ்டரின் குரலும் வந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை வேறு மாதிரி படித்தாள். ஒரு பாடம் கேட்பாள், கைப்பேசியை அணைப்பாள், கேட்டதை யாருக்காவது சொல்வாள். அகப்பட்டவர் வேன்காரக் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி கழுவும்போது பக்கத்தில் நின்று வாத்தியார் மாதிரி ஆரம்பித்தாள். "மெஷின்ல பொட்டலத்தை நெருக்கி வைக்கக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா... கூடாது. இடைவெளி விடணும்."

"அதான் ஏன்?"

  இத்தனை வருஷம் இடைவெளி விட்டு வைத்த கை, ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. ஆனால் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால், தெரியும் என்று சத்தியமே செய்திருப்பாள். "இருங்க, வரேன்" என்று உள்ளே ஓடிப் பாடத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஈரத் தரையில் வழுக்காத குறையாகத் திரும்பி வந்தாள். "காத்துங்க! உள்ளே இருக்கற காத்து வெளிய போனாத்தான் நீராவி உள்ளே நுழைய முடியும். நெருக்கி வச்சா காத்து நடுவுல மாட்டிக்கும். அது மாட்டிக்கிட்ட இடத்துக்கு நீராவி போகாது. அதான் நடுப் பொட்டலம் மட்டும் வெள்ளை!"

"அடேங்கப்பா" என்றார் அவர், குழாயை மூட மறந்து. இந்தத் தடவை கிண்டல் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள்: எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்க வேண்டும். அந்த மனிதருக்கு அதைவிட இன்பமான வேலை ஆயுசில் கிடைத்திருக்காது.

செயலியும் சும்மா விடவில்லை. தப்பாகச் சொன்னதை மறுநாள் கேட்கும், சரியாகச் சொன்னதையும் மறந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு நாலைந்து நாள் கழித்துத் திடீரென்று கேட்கும். அவள் பொட்டு மெல்ல மெல்ல இடது பக்கம் நகரப் பழகியது. பாதி தெரிந்ததற்குப் பாதியில் வைத்தாள். தெரியாததற்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாது என்று வைத்தாள். முதல் தடவை அப்படி வைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மதிய இடைவேளையில் நிதானம் அண்ணனையும் இழுத்து உட்கார வைத்தாள். அவர் இன்னும், "நான் துணிப் பகுதிக்கே போயிடறேம்மா, எதுக்கு வம்பு?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "பரீட்சை இல்லண்ணே, சும்மா விளையாட்டு" என்று கைப்பேசியைக் கொடுத்தாள். அவர் எல்லாக் கேள்விக்கும் பொட்டை இடது ஓரத்தில் வைத்தார். 'தெரியாது' என்று வைத்துவிட்டு, விடையைத் தொட்டார். சரி. மறுபடி தெரியாது, மறுபடி சரி. முடிவில் கோடுகள் தோன்றின. அவருடையது இவளுடையதற்கு நேர் தலைகீழ். நினைத்தது தரையில் கிடந்தது, தெரிந்தது மேலே பறந்தது.

மின்னல் அந்தப் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க பண்ற அநியாயத்துக்கு நான் பண்ணது பரவாயில்ல. நான் இல்லாததை இருக்குன்னு சொன்னேன். நீங்க இருக்கறதைப் போய் இல்லைன்னு சொல்றீங்க. பட்டை நல்லாக் கருத்துக் கிடக்கு, நீங்க பொட்டலத்தைப் பிரிக்கவே பயந்துக்கிட்டு லோடைக் கீழேயே வச்சிருக்கீங்க."

"இது என்னோட கோடுதானா?" என்று அவர் மூன்று தடவை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

அன்றிலிருந்து இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். அவர் பொட்டை வைத்ததும் இவள், "இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க" என்பாள். இவள் வைத்ததும் அவர், "யோசிச்சியாம்மா?" என்பார். அந்த 'யோசிச்சியாம்மா' அவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகியது, கடைசியில் அவர் சொல்லாமலே காதில் கேட்டது.

இரண்டாம் பரீட்சை வந்தது. அன்று காலையில் லோடை இரண்டாகப் பிரித்து ஏற்றினாள். நிதானம் அண்ணனை வாசலில் விடவில்லை. முன்னால் அவரை நடக்கவிட்டுப் பின்னால் இவள் போனாள். ஓட இடமில்லாமல் அவர் போய் உட்கார்ந்தார்.

முதல் கேள்வி. பார்த்ததும் கை நீண்டது. இது எனக்குத் தெரியும் என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. யோசிச்சியாம்மா? கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேள்வியைக் கடைசி எழுத்துவரை படித்தாள். 'செய்யக் கூடாதது எது' என்று கேட்டிருந்தார்கள். முன்பு என்றால் செய்யக்கூடியதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள்.  தெரிந்ததை முடித்தாள், சந்தேகமானதைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு இருப்பதில் நல்லதைத் தொட்டாள். நிமிர்ந்தபோது கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் காலி. நிதானம் அண்ணன்கூட எழுந்து போயிருந்தார். மின்னல் கடைசி ஆளாக வெளியே வந்ததைக் கண்டு தாழ்வாரத்தில் ஒரே கலகலப்பு. "என்னக்கா, மின்னல் வெட்டலையா இன்னைக்கு?"

கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கேட்டார், "எப்படி எழுதினீங்க? இந்தத் தடவையும் ஊதித் தள்ளிட்டீங்களா?"

போன தடவை சொன்னதை அந்த மனிதர் மறக்கவில்லை போலிருக்கிறது. மின்னல் சிரிக்கவில்லை. "பாஸாயிடுவேன். முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேல வரும். நாலு கேள்வி தப்பா இருக்கும்னு நினைக்கறேன், எதுன்னுகூடத் தெரியும்" என்றாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. தேர்ச்சி. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. தப்பான கேள்விகளைப் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்ட நான்கில் மூன்று தப்பு, எதிர்பாராமல் இன்னும் ஒன்று. நிதானம் அண்ணன் அவளைவிட எட்டு மதிப்பெண் அதிகம். "ஏண்ணே, எவ்வளவு அழுத்தம் உங்களுக்கு! என்னை வச்சு வேடிக்கை பாத்தீங்களா?" என்று அவள் கத்திய கத்தலில் அழுக்கு அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது மறுபடி மறுபடி நனைந்துகொண்டே இருந்தது.

வீட்டில் மகள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வேன்காரர் முடிவைப் பார்த்துவிட்டு, "ஏன்?" என்றார். "எதுக்கு ஏன்?" "நீ எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கச் சொன்னியே!" அன்றைக்கு அவருக்கு அடி விழாதது ஆச்சரியம்தான்.

மறுநாள் காலையில் லோடு இறங்கி ஆறிக்கொண்டிருக்கும்போது இன்டர்காம் அடித்தது. தியேட்டர் சிஸ்டர். அந்த வெள்ளைப் பட்டைக்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்விதான். "லோடு சரியா இருக்கா? அவசரக் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. சின்னக் குழந்தை. உடனே வேணும்."

டேப் கருத்திருந்தது. முன்பு என்றால் சிஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் 'சரியா இருக்கு' என்ற சொல் போய்ச் சேர்ந்திருக்கும்.

"தெரியலை சிஸ்டர்" என்றாள் மின்னல். "லைன்லயே இருங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சோதனைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. மறுமுனையில் சிஸ்டர் மூச்சுவிடுவது கேட்டது. எதிரில் நிதானம் அண்ணன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கருத்திருந்தது.

"சரியா இருக்கு சிஸ்டர். அனுப்பறேன். பட்டையையும் கூடவே வச்சு அனுப்பட்டுமா?"



"வேண்டாம்" என்றார் தியேட்டர் சிஸ்டர். "நீ சொன்னா போதும்."

மின்னல் தட்டை லிஃப்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.